ஐந்து வாரத்தில் கூடிய எலும்பு

என் மகளுக்கு இடது கால் வலது காலைவிட ஒரு விரற்கடை குட்டை. குட்டை மட்டும் என்றால்கூடப் போகிறது, கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாகச் சாய்ந்தும் இருக்கிறது. அவளுக்குப் பதினொரு வயது. அடுத்த மாதம் பாண்டிச்சேரியில் அந்த எலும்பை வெட்டி நிமிர்த்தப் போகிறார்கள். பார்க்கிறவர்கள், "பொறந்ததுலேர்ந்தேவா?" என்று கேட்கிறார்கள். பிறக்கும்போது இரண்டு காலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வந்த கோளாறு என் வாயால் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நுணல் கெட்டால் நுணலோடு போயிற்று. பேசியது என் வாய், அனுபவிப்பது அவள் கால்.

நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீடு கள்ளக்குறிச்சியில். மலைக்குப் போகிற பஸ்ஸை நம்பினால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது, அதனால் பெரும்பாலும் என் வண்டியிலேயே போய்விடுவேன். மகளுக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு மட்டும் வேலை நாள், அவளுக்கு லீவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

முந்தின நாள் நல்ல மழை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒரு வளைவில் ஓரத்து மண்ணும் ஜல்லியும் ரோட்டுக்கு இறங்கியிருந்தன. எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மினி லாரி. பிரேக் பிடித்தேன், அவ்வளவுதான். வண்டி இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அதன் அடியில் எங்கள் இருவருடைய இடது காலும். எனக்குக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. அவளுக்குக் கணுக்காலின் உள்பக்கத்தில் முறிவு. லாரிக்காரர்தான் கிழங்கு மூட்டைகளை ஒதுக்கி எங்களைப் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார். வழியெல்லாம் அவள், "வண்டிக்கு இன்னா ஆச்சும்மா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. எங்கள் இரண்டு பேர் எக்ஸ்ரேயையும் விளக்குப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டினார். எனக்கு ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும், அவளுக்கு எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டு போதும் என்றார். என் கணவர் அவள் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாப்பாவுக்கு ரெண்டு எடத்துல உடைஞ்சிருக்குதா சார்? குறுக்கால ஒரு கறுப்புக் கோடு போவுதே?"

"அது உடைசல் இல்லீங்க. எலும்பு வளர்ற எடம் அது. இன்னும் கெட்டிப்படல, அதான் படத்துல கறுப்பாத் தெரியுது. உங்க வூட்டம்மா படத்தைப் பாருங்க, அந்தக் கோடே இருக்காது. அவங்களுக்கு வளர்ந்து முடிஞ்சாச்சு."

அவரே மேலும் சொன்னார். "பாப்பாவுக்கு முறிவு அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிருக்கு. கூடிக்கும். சீக்கிரமாவே கூடிக்கும். அதுக்கு நான் பயப்படல. அதுக்கப்புறம் ஒழுங்கா வளருதான்னு பாக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா படம் எடுக்கணும், ரெண்டு வருஷம் வரைக்கும். விட்டுடாதீங்க."

நான் பக்கத்துக் கட்டிலில்தான் கிடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. வலியில் கேட்கவில்லை, புரியவில்லை என்று இப்போது பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கேட்டது, புரிந்தது. சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு ஐந்தாவது வாரம் கட்டுப் பிரித்தார்கள். இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் சுவரை விட்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனாள். நான் அதே வீட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போக ஒரு கால் மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை படம் எடுக்கும்போதும் டாக்டர், "இன்னும் சேரலையேங்க" என்றார். ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே பக்கத்துக் கால், ஒரே ஜெபம். அவளுக்கு ஐந்து வாரத்தில் கூடிய எலும்பு எனக்கு ஏன் கூட மாட்டேன் என்கிறது?

இதை டாக்டரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார். குழந்தை எலும்பு பச்சைக் குச்சி, பெரியவர்கள் எலும்பு காய்ந்த சுள்ளி. பச்சை எலும்பில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் ஒட்டும். மலையில் என் வகுப்புப் பிள்ளைகள் பலா மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு வருவார்கள், ஒரு மாதத்தில் அதே கையால் மறுபடி மரம் ஏறுவார்கள். வருஷா வருஷம் கண்ணால் பார்த்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கூடியபோதெல்லாம் "சின்னப் புள்ளை எலும்பு, அப்படித்தான்" என்று சொன்ன நானே, என் பிள்ளைக்குக் கூடியபோது மட்டும் அதை அற்புதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு சபைக்குப் போகிற வீடு. எங்கள் சபையில் ஒரு வழக்கம். நல்லது நடந்தால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டு வாய் திறக்காதவர் நன்றி கெட்டவர். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதாத இன்னொரு சட்டமும் இருந்தது. சாட்சி சொல்லிவிட்டால் அந்த விஷயம் முடிந்தது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம். சர்க்கரை வியாதி போய்விட்டது என்று சாட்சி சொன்ன ஒருவர், அதன் பிறகு மாத்திரையைக் கடை கல்லாப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டார். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவர் முகத்துக்கு முன்னால் தெரியாத மாதிரி இருப்போம், முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

விபத்து நடந்து ஒன்பதாவது வாரம், வாக்கரைத் தள்ளிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். "என் எலும்பு இன்னும் கூடல. எனக்கு விசுவாசம் கம்மி. என் புள்ளைக்குக் கள்ளங்கபடம் இல்ல. அவளுக்கு அஞ்சே வாரத்துல கர்த்தர் தம் கையால கூட்டிவெச்சாரு" என்று சொல்லி அழுதேன். முன்வரிசையில் பெண்களும் அழுதார்கள்.

பாஸ்டர், "சிஸ்டர், பாப்பாவ மேல கூட்டினு வரச் சொல்லுங்க" என்றார். கணவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். "குதிச்சுக் காட்டும்மா." அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மூன்று தடவை குதித்தாள். சபையே கைதட்டியது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை எழுதக் கை கூசுகிறது. ஆண்டவருக்காக அழுதேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் எனக்காகத்தான்.

மூன்றாவது மாதம் வந்தது. என் கணவர் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறார், எதையும் சத்தம் போட்டுச் சொல்லத் தெரியாதவர். பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்குப் படம் எடுக்கச் சொன்னாரே, நாளைக்கிக் கூட்டினு போவட்டா?" என்று கேட்டார்.

"இன்னாங்க பேசுறீங்க? சபை முன்னாடி சாட்சி சொல்லிட்டு, இப்ப சரியாச்சா இல்லையான்னு படம் எடுத்துப் பாக்கப் போறதா?"

"டாக்டர் சொன்னாரேன்னு சொன்னேன்."

"ஆட்டம் போட்டுக்கினு இருக்குது புள்ள. அதுக்கு இன்னா படம்?"

அவர் சீட்டை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். இன்னும் ஒரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் வாசலில் சீட்டுப் போடுகிற பெண் எங்கள் சபை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்று பெயர் சொல்ல வேண்டும். "பாப்பாவுக்கா சிஸ்டர்? அதான் சரியாயிடுச்சே?" என்று அவள் கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். அவள் கேட்டிருப்பாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இதில் கேவலம் என்னவென்றால், என் காலுக்கு நான் மாதம் தவறாமல் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் காலுக்குத்தான் யாரும் சாட்சி சொல்லவில்லையே. ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ டாக்டர் கேட்டார்.

"பாப்பா எங்க?"

"அவ நல்லா இருக்கா சார். ஸ்கூல் போறா, ஓடுறா."

"ஓடுவா. அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வாங்க."

சரி சார் என்றேன். அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போகவில்லை. அவருக்கும் கூட்டம், அவரும் கேட்கவில்லை. ஏழாவது மாதம் என் எலும்பு ஒருவழியாகக் கூடியது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் எலும்புக்கு அதோடு கதை முடிந்தது. குழந்தை எலும்புக்குக் கூடின பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது. அதை அந்த மனிதர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சத்துணவு சமைக்கிற அக்கா மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பாவோட எடது செருப்பு மட்டும் வெளிப்பக்கமாவே தேஞ்சு கெடக்குது. நடக்கிறப்பவும் காலு ஒருசாய்ச்சலாப் போவுது."

"இன்னாக்கா, நீங்க எப்பக்கா எலும்பு டாக்டர் ஆனீங்க? அந்தக் காலு கூடி நாலு வருஷம் ஆச்சு."

அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் சாயங்காலம் கள்ளக்குறிச்சி வந்ததும் நேராகச் செருப்புக் கடைக்குப் போய், "இன்னா செருப்பு விக்கிறீங்க, ஒரு பக்கமாத் தேயுது?" என்று சண்டை போட்டு வேறு ஜோடி வாங்கினேன். இரண்டு மாதத்தில் அதுவும் அதே பக்கம் தேய்ந்தது. அப்போதும் நான் செருப்பைத்தான் திட்டினேன்.

ஒருநாள் காலையில் அவள் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹாலில் நடந்து போனாள். சிமெண்டுத் தரையில் சுவடுகள். வலது பாதம் முழுசாக இருந்தது. இடது பாதம் வெளி ஓரம் மட்டும், ஒரு கீற்று. கதவுவரைக்கும் அப்படியே போயிருந்தது. அவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். சேரவில்லை. இழுத்துப் பார்த்தேன், அப்போதும் இடது குதிகால் ஒரு விரற்கடை மேலேயே நின்றது. "கூசுதும்மா, விடு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. சீட்டுப் போடுகிற பெண் எதுவும் கேட்கவில்லை, "வாங்க சிஸ்டர்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான். இதற்கா நாலு வருஷம் பயந்தேன் என்று அந்த வாசலிலேயே என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கம் பக்கமாக மாட்டினார். பழைய படத்தில் அந்தக் கறுப்புக் கோடு முழுசாக இருந்தது. புதுப் படத்தில் உள்பக்கத்தில் கோட்டைக் காணோம், வெளுத்துப்போயிருந்தது.

"முறிஞ்ச எடத்துல வளர்ச்சி நின்னு எலும்பு ஒட்டிக்கிச்சு. வெளிப்பக்கம் வளர்ந்துக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் நிக்கும், ஒரு பக்கம் போவும்னா சாயாம இன்னாங்க செய்யும்?"

"அப்பவே வந்திருந்தா சார்?"

பதில் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை, கடைசியில் சொன்னார். "ஆறு மாசத்துல, ஒரு வருஷத்துல தெரிஞ்சிருக்கும். ஒட்டினது கம்மியா இருக்கிறப்பவே அதைச் சுரண்டி எடுத்துட்டா மறுபடி வளர நிறைய வாய்ப்பு உண்டு. இப்ப ஜாஸ்தியா ஒட்டிப்போச்சு. எலும்பை வெட்டித்தான் நிமிர்த்தணும். இன்னும் வளர்ற வயசு, ஒரு ஆபரேஷனோட முடியும்னு சொல்ல மாட்டேன். இன்னொரு கால் அளவுக்கு வருமான்னும் இப்ப சொல்ல முடியாது."

"அஞ்சே வாரத்துல கூடிச்சே சார்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரோடு வழக்குப் பேசுகிற மாதிரி சொன்னேன்.

"ஏழு வயசுல எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படித்தாங்க கூடும்" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்து போனேன். கணவர் கையைப் பிடித்து, "வேணாம், வுடு. கண் கெட்ட பிறகு இன்னா சூரிய நமஸ்காரம்?" என்றார். உதறிவிட்டுப் போனேன். மைக்கில் சொன்னேன்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் இங்க சொன்ன சாட்சி தப்பு. டாக்டர் புள்ளையை மறுபடி மறுபடி கூட்டினு வரச் சொன்னாரு. உங்க முன்னாடி என் பேச்சு பொய்யாயிடுமேன்னு கூட்டினு போவல. ஆண்டவர் யாரையும் படம் எடுக்காதேன்னு சொல்லல. நான்தான் எடுக்கல. இப்ப என் புள்ள காலு வளைஞ்சுபோச்சு."

முன்வரிசையில் ஒரு பெண்மணி பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். பாஸ்டர் மெதுவாக வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "சிஸ்டர் ரொம்ப உடைஞ்சுபோயிருக்காங்க. அவங்க விசுவாசத்துக்காக எல்லாரும் ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மூடுவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அங்கே என் மகள் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சபையிலிருந்து வீடு இரண்டு தெரு தூரம். கணவர் முன்னால் போய்விட்டார். நானும் அவளும் நடந்தோம். அவளுக்காக மெதுவாக நடந்தேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். யாரோடாவது சண்டை போடாமல் எனக்கு அப்போது மூச்சு விட முடியாது போலிருந்தது, வேறு ஆள் இல்லை, அவளைத்தான் பிடித்தேன்.

"ஏன்டி, இத்தினி வருஷமா உனக்கு வலிக்கவே இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த கதி வந்திருக்குமா?"

"வலிச்சுச்சு."

"எப்பலேர்ந்து?"

"கட்டு பிரிச்சதுலேர்ந்து. ஓடினா வலிக்கும். பி.டி. பீரியடுல வயித்து வலின்னு சொல்லிட்டு கிளாஸ்லயே உக்காந்துக்குவேன்."

நான் நின்றுவிட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"நீதான் சரியாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டியேம்மா. நான் வலிக்குதுன்னா நீ பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

அவள் குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு வருஷமாக, அந்தக் காலை வைத்துக்கொண்டு, என் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.